உய்ச் செபம் சொன்ன புனிதமலர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தபோது புனிதமலர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றாள். மறுமுனையில், மிலானோவிலிருந்து ஓர்னெல்லா. பேராசிரியர் கஸ்பாரேயின் இறந்துபோன தங்கையின் மகள். அந்தக் கிழவருக்கு இந்தப் பூமியில் மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு.

"வெள்ளிக்கிழமை வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மலர். அவர் மாமாவைப் பார்த்து ஒரு தாள் எழுதித் தருவார். அடுத்த வாரமே மாமாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம். உனக்கு நல்ல நற்சான்றிதழ் தருவேன், பயப்படாதே."

தொலைபேசியை வைத்த பிறகும் அவள் கையில் பாதிக் கத்தரிக்காய் இருந்தது. அதைச் சட்டியில் போட வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. முதியோர் இல்லம்! பலேர்மோவில் இருபத்தாறு வருடம் வீட்டுவேலை செய்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா? அங்கே போன கிழவர் எவரும் திரும்பி வந்து தம் வீட்டுப் படியேறியதை அவள் பார்த்ததில்லை. கூடத்தில், சாய்கதிரையில் இருந்த பேராசிரியர் ஒன்றும் அறியாதவராய் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஊதியது. அது ஊதி முடியும்வரை புனிதமலர் அழுதாள்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. மன்னார்ப் பேசாலை என்ற கத்தோலிக்க மீனவ ஊரில் பிறந்து, இருபத்தெட்டு வயதில் புருசன் ஏர்னஸ்ற்றோடு இந்த ஊரில் வந்து இறங்கியவள். ஏர்னஸ்ற் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெனோவாக் கப்பலில் ஏறினான். திங்கட்கிழமை வருவேன் என்றான். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. அவள் மூன்று மாதம் அழுதாள். நாலாம் மாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஞ்ஞோராக்களின் நிலத்தைத் துடைக்கப் போனாள். பிள்ளை குட்டி இல்லை. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற வரிசையில் நின்றே அவளுடைய இளமை போயிற்று. அப்படிப்பட்டவள் ஒன்பது வருடத்துக்கு முன் போர்கோ வெக்கியோவை ஒட்டிய தெருவில், மூன்றாம் மாடியில், பேராசிரியர் வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பேராசிரியர் கஸ்பாரே ஒரு விசித்திரமான மனிதர். கவ்காஸ் மலைகளின் வடக்குச் சரிவில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் கராச்சாய்-பல்கார் என்ற மொழியைப் பேசுகிறது. அந்த மொழிக்கு இலக்கணம் எழுதப் போகிறேன் என்று புறப்பட்டு அவருக்கு நாற்பது வருடம் ஆகியிருந்தது. பெயர்ச்சொல் முடிந்திருந்தது, எழுநூறு பக்கம். வினைச்சொல் தொடங்கவில்லை. நேரமில்லை என்று கலியாணமும் செய்யவில்லை. பல்கலைக்கழகத்தில் அந்த மொழிக்கு வகுப்பு வைப்பதாக அவர் வருடாவருடம் அறிவித்தார். வருடாவருடம் சேர்ந்த மாணவர் தொகை மாறவேயில்லை. ஒருவருமில்லை.

புனிதமலர் வந்த முதல் நாள் பின்னேரம், ஆறு மணிக்கு, அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "உய், உய்னு, உய்கே" என்று சந்தம் பிசகாமல் சொன்னார். பிறகு மூச்சு வாங்க நிறுத்தினார்.

வாசகருக்கு இப்போதே சொல்லிவிடலாம். உய் என்றால் அந்த மொழியில் வீடு. வீடு, வீட்டின், வீட்டுக்கு, வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து என்று ஆறு வேற்றுமை. தமிழைப் போலவே வாலில் ஒட்டுகிற மொழி அது. கிழவர் தம் மூளை துருப்பிடிக்காமல் இருக்கப் பின்னேரந்தோறும் அதைப் பாராயணம் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் புனிதமலர் பேசாலைக்காரி. ஆறு மணிக்கு ஒரு வயதானவர் கண்ணை மூடி நிமிர்ந்திருந்து, ஒரு வரி சொல்லி நிறுத்தினால் அது என்னவென்று அவளுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. ஒருவர் முதற்பாதி சொல்ல வேண்டும், கேட்டவர் மறுபாதி சொல்ல வேண்டும். பாதியில் தொங்குகிற செபத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா போகிறவள் பேசாலையில் கிடையாது. கடலில் வலை இழுப்பவன்கூட வாயால் மறுபாதியைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கயிற்றைப் பிடிப்பான். மறுபாதி தெரியாததால் அவள் செபமாலையின் மறுபாதியாகத் தனக்குத் தெரிந்த "அர்ச்சிஸ்ட மரியாயே"யைச் சொன்னாள்.

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். நாற்பது வருடத்தில் முதன்முதலாக ஒரு மனிதப் பிறவி அவருடைய பெயர்ச்சொல்லுக்குப் பதில் சொல்லியிருந்தது. பதில் பிழை. ஆனால் பிழையாகவாவது பதில் சொல்ல ஒருத்தி! அவர் மெதுவாக, பல்லில்லாத குழந்தைக்கு ஊட்டுவதுபோல, மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தார். "உய்னு, உய்டே, உய்டென்."

ஒரு கிழமையில் அவளுக்குப் பாடமாகிவிட்டது. அவர் மூன்று சொல்வார், அவள் மூன்று சொல்வாள். உய்னு இரண்டு தரம் வருவதைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே மன்றாட்டை இரண்டு தரம் சொல்வது எந்தச் செபத்திலும் உள்ளதுதானே. பேராசிரியர் தமக்கு ஒரு மாணவி கிடைத்துவிட்டாள் என்று நம்பினார். புனிதமலர் தன் எசமான் தான் அறியாத ஏதோ ஒரு பழைய திருச்சபையைச் சேர்ந்த பக்திமான் என்று நம்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்தார்கள். ஆகையால் இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தரம் கேட்டாள். "புரொபெசோரே, இந்த உய் எதுக்கு?"

"வீட்டுக்கு" என்றார் அவர், மகிழ்ச்சியோடு.

அவ்வளவுதான். வந்தது வினை.

அந்த வருடம் போர்கோ வெக்கியோவில் வீடு என்பது தங்கத்தைவிட அரிதாகிவிட்டிருந்தது. அறைகளையெல்லாம் உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அகஸ்ரின் என்றொருவன், வாசல் தெருவிலேயே திறக்கும் ஒற்றை அறையில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தான். வெள்ளிக்கிழமைச் செபமாலைக் கூட்டம் அந்த அறையில்தான் நடக்கும். அவன் கண்ணீர் விட்டபோது புனிதமலருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, எங்கடை புரொபெசோரே வீட்டுக்கெண்டு ஒரு செபம் சொல்லுறவர். பாஷை எனக்கு விளங்காது. ஆனா நல்ல பழைய செபம்."

மூன்று கிழமை சொன்னார்கள். நாலாம் கிழமை அகஸ்ரினுக்குக் கபோ என்ற சந்தைப் பகுதியில் இரண்டு அறையும் குசினியும் பல்கனியும் உள்ள வீடு கிடைத்தது. பிறகு யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? உய்ச் செபம் பலேர்மோத் தமிழரிடையே பற்றிக்கொண்டது. பக்கத்துக் கட்டடத்தில் படி கழுவும் குகனேஸ்வரி சைவக்காரி. அவளும் வந்து சேர்ந்தாள். "அக்கா, வீடு குடுக்கிற சாமி எந்தச் சாமியா இருந்தா எனக்கென்ன? நான் திருநீறு பூசிக்கொண்டு சொல்லுறன்" என்றாள்.

தேவைகள் கூடின. புனிதமலர் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தாள். விசா கிடைக்காமல் ஊரில் இருக்கும் தாய்மாருக்கு அனா, அதாவது தாய். குழாயில் தண்ணீர் முறைவைத்து விட்ட கோடைக்காலத்தில் சூ, அதாவது தண்ணீர். சூ சொன்ன மறுநாள் மேல்மாடித் தாங்கி நிரம்பி வழிந்தது. மறுநாள்தான் அந்தத் தெருவுக்கு முறைநாள் என்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வேற்றுமை முடிந்ததும் பேராசிரியர் உடைமை விகுதிக்குப் போனார். "உயும்" என்று தன் நெஞ்சைத் தொட்டார், என்னுடைய வீடு. "உயுங்" என்று அவளை நோக்கிக் கை நீட்டினார், உன்னுடைய வீடு. உயு அவருடையது, உயுபுஸ் எங்களுடையது, உயுகுஸ் உங்களுடையது, உய்லேரி அவர்களுடையது. இது கூட்டத்துக்குப் போனதும் ஒரு பெரிய கலவரமே வந்தது. மொனிகாவும் அவளுடைய மச்சாள் எமிலியானாவும் ஒன்றாக இருந்து உயுபுஸ் என்று வேண்டிவிட்டார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே வீடு கிடைத்தது. ஒரே குசினி, ஒரே கழுவறை.

"அக்கா சொல்லிக் குடுத்த வாலாலைதான் நான் இவவோடை கிடந்து சாகிறன்!" என்று மொனிகா மூன்று மாதம் புனிதமலரோடு கதைக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்வில் பெப்ரவரி மாதம் இடி விழுந்தது. பேராசிரியருக்குத் தலையில் இரத்தக் குழாய் அடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் நடந்தது, கை நடந்தது. இத்தாலியன் முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. பசியா என்றால் உய், குளிரா என்றால் உய்னு. எழுநூறு பக்கப் பெயர்ச்சொல்லைத் தவிர அவரிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஓர்னெல்லா வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "மாமா போய்விட்டார்" என்று அழுதாள். அழுகை பொய்யில்லை. ஆனால் போகும்போது அறைகளைக் கைத்தொலைபேசியால் படமெடுத்தாள். பிறகு தபாலில் ஆறு சோடி வெள்ளைத் துவாய்களும், வாசலில் பூட்டுகிற, எண் அழுத்தினால் திறக்கும் சாவிப்பெட்டி ஒன்றும் வந்தன. புனிதமலர் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். உல்லாசப் பயணிகளின் துவாய் எப்படியிருக்கும் என்று பலேர்மோவில் யாருக்குத் தெரியாது?

செவ்வாய் முழுவதும் அழுது, புதன் முழுவதும் யோசித்து, வியாழன் காலை அவள் கபோவுக்குப் போய் அகஸ்ரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். குகனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"நாளைக்கு எல்லாரும் வரவேணும். அவையள் அவரை விசரன் எண்டு எழுதப் போகினம். செபம் சொல்லுற மனிசனை ஆர் விசரன் எண்டுறது? இது செபந்தான், நாங்களும் சொல்லுறனாங்கள் எண்டு டொத்தோரேக்குக் காட்டினா, பேசாமல் போயிடுவார்."

"அக்கா, அந்தச் செபத்தாலை வந்த வீட்டிலை நிண்டுகொண்டு நான் மாட்டன் எண்டு சொன்னா, கூரை என்ரை தலையிலை விழும்" என்றான் அகஸ்ரின். "எத்தினை பேர் வேணும்?"

"பன்ரெண்டு."

"ஏன் பன்ரெண்டு?"

"குசினியிலை அவ்வளவு பேர்தான் நிக்கலாம்."

"டொத்தோரே என்னட்டை ஏதும் கேட்டா?" என்றாள் குகனேஸ்வரி.

"உன்னட்டை ஒண்டும் கேக்க மாட்டார். நீ வாயைத் திறக்காமல் நில். நான் கூப்பிட்டாப் பிறகுதான் எல்லாரும் வெளியிலை வரவேணும். அதுமட்டும் ஒரு சத்தம் வரக்கூடாது, ஒரு இருமல் வரக்கூடாது."

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு அழைப்புமணி அடித்தது. ஓர்னெல்லாவும் வைத்தியரும் வந்தார்கள். வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். சேர்ட் கசங்கியிருந்தது. அவர் பேராசிரியருக்கு எதிரே கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்தார். புனிதமலர் குசினிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பேராசிரியரே, இன்று என்ன நாள்?"

கிழவர் அவரை அன்போடு பார்த்தார்.

"உங்கள் பெயர் என்ன?"

பதில் இல்லை. வைத்தியர் எழுதினார்.

"நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?"

பேராசிரியர் நிமிர்ந்தார். கண்ணை மூடினார். "உய், உய்னு, உய்கே" என்றார். நிறுத்தினார்.

"பார்த்தீர்களா?" என்றாள் ஓர்னெல்லா. அவள் குரல் உடைந்தது. "நாள் முழுக்க இதுதான். அர்த்தமில்லாத சத்தம். இவர் ஒருவரோடும் இல்லை, டொத்தோரே. தனியாக எங்கேயோ இருக்கிறார்."

வைத்தியர் பேனையைத் தாளில் வைத்தார். புனிதமலர் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் வேறு ஒன்று நடந்துவிட்டது. பாதிச் செபம் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டவர் மறுபாதி சொல்லாமல் விட முடியுமா? குசினிக்குள்ளிருந்து, பன்னிரண்டு தொண்டைகளும் சேர்ந்து, சட்டிபானை அதிர ஒரு முழக்கம் எழுந்தது.

"உய்னு! உய்டே! உய்டென்!"

வைத்தியர் எழும்பி நின்றுவிட்டார். ஓர்னெல்லா வீரிட்டுக் கத்தினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. முன்னால் திருநீறும் பொட்டுமாகக் குகனேஸ்வரி, பின்னால் கையில் செபமாலையோடு அகஸ்ரின், அவனுக்குப் பின்னால் மொனிகாவும் எமிலியானாவும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு.

"நான் கூப்பிடேல்லையே!" என்றாள் புனிதமலர்.

"அவர் நிப்பாட்டினவர் அக்கா. நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் அகஸ்ரின்.

"யார் இவர்கள்?" என்றார் வைத்தியர்.

புனிதமலர் கையைக் கூப்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் திரட்டிச் சொன்னாள். "டொத்தோரே, இது செபம். வீட்டுக்கான செபம். இஞ்சை இருக்கிற தமிழாக்கள் எல்லாரும் இதைச் சொல்லுறவை. இந்தத் தம்பிக்கு மூண்டு கிழமையிலை வீடு கிடைச்சது. இவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவர். இவர் விசரர் இல்லை. பக்திமான்."

ஓர்னெல்லா அவளைப் பார்த்தாள். கோபத்தால் இல்லை, திகைப்பால். பிறகு புத்தக அலுமாரிக்குப் போய், செங்கல்லைப் போன்ற அந்தத் தட்டெழுத்துக் கட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டுத் திறந்தாள்.

"செபமா? மலர், இது இலக்கணம்! கராச்சாய்-பல்கார் மொழியின் பெயர்ச்சொல். மாமா என் சிறுவயதில் என்னையும் பிடித்து வைத்துச் சொல்லுவார், நான் ஓடிவிடுவேன். இதோ பார், பக்கம் நாற்பத்தொன்று. வீடு என்ற சொல்லுக்கு வேற்றுமை அட்டவணை. இதோ உடைமை விகுதி. நீங்கள் இதை வைத்துக்கொண்டா கும்பிட்டீர்கள்?"

புனிதமலர் பார்த்தாள். கட்டம் போட்ட அட்டவணை. கட்டத்துக்கு ஒன்றாக, அவள் இரவும் பகலும் உருகிச் சொன்ன வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்தச் செபப் புத்தகத்தில் எண் போட்ட கட்டம் இருக்கும்? ஒன்பது வருடம்! எத்தனை பேரைக் கும்பிட வைத்தாள்! எத்தனை கண்ணீர் இந்த அட்டவணையின் மேல் சிந்தியது! மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் தலை குனிந்து நின்றாள். இந்த நிமிடத்தில் ஏர்னஸ்ற் கப்பலேறிய நாளே அவளுக்கு ஒரு நல்ல நாளாகத் தோன்றியது.

"அப்ப என்ரை வீடு?" என்று அகஸ்ரின் மெல்லக் கேட்டான்.

"அதை ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை. பேசாமல் நில்" என்றாள் குகனேஸ்வரி.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மொனிகா. "எந்தச் சாமி ஒரு கழுவறை தரும்?"

"உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏனடி சூ கேட்டு முழங்காலிலை நிண்டனீ?" என்றாள் எமிலியானா.

வைத்தியர் கையை உயர்த்தினார். எல்லாரும் வாயை மூடினார்கள். அவர் புனிதமலரிடம் வந்தார்.

"சிஞ்ஞோரா, நான் எழுதப் போவது இவருடைய வாழ்க்கை. ஆகையால் நேராகக் கேட்கிறேன். இது செபமா, இல்லையா?"

ஓம், செபந்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். குசினியிலிருந்து வந்த பன்னிரண்டு பேரும் ஆமோதிப்பார்கள். கிழவர் தம் வீட்டில், தம் யன்னலோரத்தில் சாகலாம். அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அட்டவணையைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் மற்றவர் வீட்டில் வேலை செய்து ஒரு கரண்டியைக்கூட எடுக்காதவள், ஒரு பொய்யையா எடுப்பாள்?

"செபமில்லை, டொத்தோரே" என்றாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. "நான் செபமெண்டு நினைச்சுச் சொன்னனான். அவர் பாடமெண்டு நினைச்சுச் சொன்னவர். பிழை என்ரை. அந்தாளிலை ஒரு பிழையும் இல்லை."

பேராசிரியர் ஒரு தரம் கனைத்தார். அவருக்கு நேரம் முக்கியம். ஆறு மணி.

"உய், உய்னு, உய்கே" என்றார். நிறுத்தினார்.

குகனேஸ்வரியின் வாய் தானாகத் திறந்தது. "ஒருவரும் சொல்லக்கூடாது!" என்றார் வைத்தியர். அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்து விநாடி. இருபது விநாடி. கிழவர் கண்ணைத் திறந்தார். வைத்தியரைப் பார்க்கவில்லை, ஓர்னெல்லாவைப் பார்க்கவில்லை. வரிசையாக நின்ற முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடிப் புனிதமலரின் முகத்தில் வந்து நின்றார். புருவத்தை உயர்த்தினார். ஒரு நிமிடமாயிற்று. கதிரைக் கையில் விரலால் தட்டினார், உன் முறை என்பதுபோல.

"நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்று வைத்தியர் ஓர்னெல்லாவிடம் சொன்னார்.

ஓர்னெல்லா கட்டைப் புரட்டினாள். "எந்தப் பக்கம் என்றேன்? நாற்பத்தொன்று... உய்... உய்..." பாவம், அவளுக்கு நாக்கு வரவில்லை. கிழவர் அவளைக் காத்திருக்க வைக்க விரும்பாதவர்போலக் கையசைத்து விலக்கிவிட்டு, மறுபடி புனிதமலரைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, இப்போது நீங்கள்."

புனிதமலர் கையைக் கூப்பப் போய் நிறுத்தினாள். செபமில்லை என்று தன் வாயாலேயே சொன்ன பிறகு எப்படிச் சொல்வது? யாரை நோக்கிச் சொல்வது? வானத்தில் இதைக் கேட்க ஒருவரும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே. ஆனால் எதிரே, நரைத்த புருவத்தை உயர்த்திக்கொண்டு, ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உய்னு" என்றாள். "உய்டே. உய்டென்."

பேராசிரியர் நிம்மதியாகச் சாய்ந்து, அடுத்த வரிக்குப் போனார்.

வைத்தியர் மெதுவாக உட்கார்ந்து, எழுதிய தாளைக் கிழித்துப் பையில் போட்டார். புதிய தாள் எடுத்தார்.

"சிஞ்ஞோரினா, தனியாகப் புலம்புகிற பல நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிறுத்துவதில்லை. உங்கள் மாமா பாதியில் நிறுத்துகிறார், மற்றவருக்கு இடம் விடுகிறார், யார் பதில் சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்க்கிறார், வராவிட்டால் கோபிக்கிறார். இது உரையாடல். என் வீட்டில் நடந்ததைவிட நல்ல உரையாடல். இவரை இந்த வீட்டிலிருந்து எடுத்தால் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார், பிறகு பேசவே மாட்டார். இல்லம் வேண்டாம் என்று எழுதுகிறேன். மருந்து, தினமும் ஆறு மணிக்கு இது. பதில் சொல்ல ஆள் கட்டாயம்."

"எத்தனை ஆள்?" என்றாள் ஓர்னெல்லா, பலவீனமாக.

வைத்தியர் குசினி வாசலைப் பார்த்தார். "குறைந்தது ஒருவர். பன்னிரண்டு பேர் வந்தாலும் நான் தடுக்கவில்லை."

ஓர்னெல்லா மாமாவின் முன்னால் முழங்காலில் இருந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளுக்காக மெதுவாக, உயும் என்று தொடங்கினார். அவள் அழுதுகொண்டே திரும்பச் சொன்னாள். அலுமாரியில் இருந்த வெள்ளைத் துவாய்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவளே ஒன்றை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு விமானத்துக்குப் போனாள்.

வைத்தியர் படியிறங்குமுன் வாசலில் தயங்கினார். புனிதமலரைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"சிஞ்ஞோரா, நான் அறிவியல் படித்தவன். அது இலக்கணம் என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால், நான் மனைவியைப் பிரிந்து வந்து எட்டு மாதம். என் சகோதரி வீட்டில், துணி மினுக்குகிற அறையில் படுக்கிறேன். எங்கும் வீடு இல்லை. அந்த மனிதருக்கு மூன்று கிழமையிலா கிடைத்தது?"

"மூண்டரை" என்றான் பின்னால் நின்ற அகஸ்ரின். "முதல் அரைக் கிழமை எங்களுக்குச் சரியாச் சொல்ல வரேல்லை."

"தம்பி!" என்று புனிதமலர் அதட்டினாள். "டொத்தோரே, அது அட்டவணை. நான்தானே இப்ப உங்களுக்குச் சொன்னனான்."

"ஓம், ஓம். அட்டவணை" என்று வைத்தியர் தலையாட்டிவிட்டு, கசங்கிய சேர்ட் பையிலிருந்து ஒரு துண்டுத்தாள் எடுத்தார். "எழுதிக்கொள்கிறேன். மருத்துவக் கோப்புக்குத் தேவைப்படும்."

எல்லாரும் போன பிறகு வீடு அடங்கியது. குசினியில் பன்னிரண்டு பேர் நின்றதில் ஒரு பீங்கான் உடைந்திருந்தது, ஒருவரும் சொல்லாமல் போய்விட்டார்கள். புனிதமலர் சூப்பைச் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்தாள். நாலு நாளாக அடக்கியதெல்லாம் இப்போதுதான் வெளியே வந்தது, தமிழில்.

"ஒன்பது வருசம்! ஒரு நாளைக்காவது, மலர், இது செபமில்லை, நீ ஏன் கையைக் கூப்பிறாய் எண்டு கேக்கக்கூடாதோ? ஊரெல்லாம் பரப்பிப்போட்டன். பாதருக்கு நான் என்னெண்டு சொல்லுறது? பாவசங்கீர்த்தனத்திலை இதை எந்தப் பாவத்துக்குள்ளை சேர்க்கிறது? படிச்ச மனிசன்தானே நீங்கள்? வாய் இருந்த காலத்திலை கதைச்சிருக்கலாம்தானே?"

பேராசிரியர் மிகவும் மரியாதையோடு கேட்டார். அவள் முடித்துவிட்டாளா, இன்னும் இருக்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"உயும், உயுங், உயு."

"முதல் சூப்பைக் குடியுங்கோ. ஆறுது."

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். காத்திருந்தார்.

"உயுபுஸ், உயுகுஸ், உய்லேரி" என்றாள் புனிதமலர், பல்லைக் கடித்துக்கொண்டு.

வாய் திறந்தது. அவள் ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கிவிட்டு அவர் அடுத்ததைச் சொன்னார். ஒரு வரிக்கு ஒரு கரண்டியாகச் சூப் முடிந்தது. பாண் மிச்சமிருந்தது. அதற்கு அனா என்ற தாயைத் தொடங்கினார்கள்.